வாட்சு வாய்க்கால்

"ஒத்துக்கிட்டானா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா."

"ஒத்துக்கிட்டாருங்க."

"கோர்ட்டுல, மாஜிஸ்திரேட்டு முன்னாடி நின்னு?"

"ஆமாங்கய்யா. அப்ப அறுப்பு வந்துடுச்சுங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அறுப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கேஸ் நடத்தினா மாசக்கணக்குல இழுக்கும், ஒத்துக்கிட்டா அபராதம் போட்டு அன்னிக்கே விட்டுடுவாங்கன்னு லாக்கப்புல கூட இருந்த ஆளு சொல்லியிருக்காரு. கோழி திருடி நாலு தடவை உள்ள போனவராம். அனுபவஸ்தர் சொன்னா சரியா இருக்கும்னு இவரு நம்பிட்டாரு. சம்பா அறுப்பை விட்டுட்டா வருசம் பூரா சோத்துக்கு என்ன பண்றதுன்னுதாங்க..."

"எத்தனை மாசம் போட்டாங்க?"

"ஆறு மாசங்க."

"அறுப்பு?"

"நான் போனேங்க" என்றாள் அம்சம்.

வக்கீல் ஜெக்கரியா கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்தித் துடைத்தார். நாகப்பட்டினம் கோர்ட்டு அவரை இந்த வீட்டுக்குக் கமிஷனராக அனுப்பியிருந்தது. காலை எட்டு மணியிலிருந்து பித்தளை அண்டாக்களையும் ஊஞ்சல் பலகையையும் கூண்டு வண்டியையும் ஏலம் விட்டு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் போட்டிருந்த கீற்றுப் பந்தலுக்குள் சித்திரை வெயில் ஓட்டை ஓட்டையாக விழுந்துகொண்டிருந்தது.

நிலத்துக்கு உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராக்கினார்கள் என்றதும் இந்த வீட்டு அண்ணனும் தம்பியும் சேர்ந்து போய்ப் பாகம் பிரிந்துவிட்டதாக ஒரு பத்திரம் எழுதினார்கள். நிலம் கையை விட்டுப் போகாமல் இருப்பதற்காக. அண்ணன் தியாகராசன் அதைப் பேருக்கு எழுதிய பத்திரம் என்றார். தம்பி ரெங்கசாமி ஒரு வருஷம் அதைப் பெட்டியில் வைத்திருந்தார். பிறகு எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, எழுதினது எழுதினதுதான் என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார். நிலம் அளந்தாகிவிட்டது. இப்போது வீட்டுச் சாமான்கள்.

"இந்த ஊர்ல எல்லாரும் அந்த நேரத்துக்கு வசதியா இருக்கேன்னு எதையாவது எழுதிக் கொடுத்துடறீங்க. அப்புறம் வந்து என்கிட்ட நிக்கறீங்க" என்றார் ஜெக்கரியா. அவர் குரலில் கோபம் இல்லை. "ஏம்மா, நான் ஏலம் விட வந்தவன். உன் புருஷன் திருடினானா இல்லையான்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது."

"அதை நீங்க சொல்ல வேணாங்க. அந்த வாட்சு இந்த வீட்டுக்குள்ளதான் இருந்துச்சுன்னு எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதுங்க."

"அது அந்த வாட்சுதான்னு நீ எப்படிச் சொல்றே?"

"போன வாரம் நீங்க உள்ள உக்காந்து சாமானுக்கெல்லாம் ஜாபிதா எடுத்தீங்கல்ல, நான் ஜன்னலுக்கு வெளிய சாணிக்கூடையோட நின்னேங்க. பதினேழு, தங்கக் கைக்கடிகாரம், சதுர முகம், நடுவுல நிலா, பின்னால டி.எஸ்.ன்னு எழுத்துன்னு படிச்சீங்க. கூடையை இறக்கக்கூட எனக்குத் தோணலங்க."

ஜெக்கரியா ஜாபிதாவைப் புரட்டினார். ஏலம் பதினொன்றில் நின்றுகொண்டிருந்தது. "பதினேழு வரட்டும், பார்ப்போம்" என்றார். கோர்ட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லுவதற்குப் பயன்படுத்தும் வார்த்தை அது என்பது அம்சத்துக்குத் தெரியும்.

அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சாலையோரம் மதகுக் கட்டையில் அவள் புருஷன் மருதையன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே வாய்க்கால் வறண்டு, வெடித்த சேற்றில் நாரைகள் நடந்த தடம் அப்படியே காய்ந்து கிடந்தது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துசேர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அரசாங்கத்தின் கணக்கில் அந்த வாய்க்காலுக்கு ஏதோ ஒரு எண் உண்டு. ஊருக்கு அது வாட்சு வாய்க்கால். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழியில், திருடிய வாட்சை எங்கே போட்டாய் என்று ஸ்டேஷனில் பல் உடைய அடித்துக் கேட்டபோது மருதையன் எதையாவது சொல்லியாக வேண்டியிருந்தது. வாய்க்காலில் போட்டேன் என்றான். மறுநாள் தெருவில் இருந்த அத்தனை ஆண்களையும் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து இறக்கினார்கள். தலைமடையில் மண் போட்டு அடைத்து, தண்ணீரை இறைத்து, இரண்டு நாள் பனியில் நின்றபடி சேற்றைக் கூடை கூடையாக வாரிக் கரையில் கொட்டிக் கையால் அலசினார்கள். ஒரு கொலுசும் இரண்டு சோடா மூடியும் நிறைய நத்தையும் கிடைத்தன. சப்-இன்ஸ்பெக்டர் கரையில் நின்று, வாட்சின் உள்மூடியில் இருக்கும் எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தார், சேற்றுக்கு அது கேட்கும் என்பதுபோல. நாலு ஒண்ணு ஏழு மூணு ஆறு. எழுத்துத் தெரியாத அம்சத்துக்கு அந்த ஐந்து எண்ணும் பிள்ளை பெயரைப் போல மனப்பாடம்.

அந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணீர் தங்குதடையில்லாமல் பாய்ந்தது. கூலியில்லாமல் தூர் வாரிய வாய்க்கால் அது ஒன்றுதான்.

"தண்ணி குடி" என்றாள்.

அவன் குடித்தான். "வக்கீலு என்ன சொன்னாரு?"

"பார்ப்போம்னாரு."

"அப்ப வா, போவோம்."

"பதினேழு வரட்டும்யா."

"வந்து? தங்கமாச்சே, மெட்ராசுலேர்ந்து ஒருத்தன் காரு போட்டுக்கிட்டு வந்திருக்கான். வாங்கிக்கிட்டுப் போயிடுவான். நம்மகிட்ட காட்டிட்டா போவான்?" அவன் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். "எனக்கு அசதியா இருக்கு அம்சம். ஆறு வருசமா எடுத்தேன்னு இருந்தாச்சு. இனிமே எடுக்கலன்னு ஆனா மட்டும் எனக்கு எந்தப் பல்லு முளைக்கப் போவுது?"

ஏலம் பார்க்கப் போய்க்கொண்டிருந்த இராஜாங்கம் சைக்கிளை மெதுவாக்கினான். அதே தெருக்காரன். இரண்டு நாள் சேற்றில் நின்று காலில் புண் வந்து ஒரு மாதம் படுத்தவன். "மணி என்ன ஆச்சு மருதையண்ணே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனான்.

ஊரில் யாரும் மருதையனைத் திருடன் என்று கூப்பிட்டதில்லை. மணி என்ன என்றுதான் கேட்பார்கள். வயலில், டீக்கடையில், சாவு வீட்டில். அவர்கள் மகன் செல்லதுரையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். அவன் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டிக்கு மட்டை உரிக்கப் போய்விட்டான். பொங்கலுக்கும் வருவதில்லை. கடைசியாக வந்தபோது, "அப்பா எடுத்திருந்தாக்கூட பரவாயில்லைம்மா. எடுக்காமயே எடுத்தேன்னு சொன்னவரு மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?" என்று கேட்டான். அம்சத்துக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது இவனுக்காகத்தான். உறையில் போட்டுப் பட்டுக்கோட்டைக்கு அனுப்ப. அதற்குமேல் அவள் எதையும் யோசித்திருக்கவில்லை.

"நீ இங்கேயே இரு. எழுந்து போயிடாத" என்றாள்.

பந்தலுக்குள் பதினாறு போய்க்கொண்டிருந்தது, ஒரு கிராமபோன். தியாகராசனும் ரெங்கசாமியும் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒரு தொகை சொன்னால் தம்பி அதற்கு மேலே சொன்னார். கிராமபோனுக்கு ஊசி கிடையாது என்பது இருவருக்குமே தெரியும். சமையல்கட்டு வாசல்படியில், அவர்களுடைய அம்மா சாவித்திரி நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வெள்ளைப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவள் வாழ வந்த வீட்டின் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுவதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினேழு" என்றார் ஜெக்கரியா. ஒரு சின்ன டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

மெட்ராஸ்காரர் எழுந்து வந்தார். பருத்த மனிதர், வேர்த்துக்கொண்டிருந்தார். பழைய கடிகாரங்கள் சேர்ப்பவராம். அவர் கூட்டிவந்திருந்தவர் லியாகத் அலி, நாகப்பட்டினத்தில் கடிகாரக் கடை வைத்திருப்பவர். லியாகத் அலி வாட்சை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுவிட்சர்லாந்து" என்றார் பிறகு. "ரங்கூன் வழியா வந்திருக்கும். முப்பது வருசமா இந்த வேலை பார்க்கறேன், இதுல ஒண்ணுதான் பார்த்திருக்கேன், அதுவும் செத்துப்போனது. இந்தப் பிறை பாருங்க, வளரும், தேயும். வானத்துல இருக்கறது மேகத்துல மறைஞ்சாலும் இதுல தெரியும்."

சதுர முகத்தின் நடுவில், நீலமான ஒரு சின்ன ஜன்னலில் பாதி நிலா நின்றிருந்தது. அம்சம் அதை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். இவ்வளவு சின்னதா என்று இருந்தது அவளுக்கு.

இதைக் கட்டிக்கொண்டுதான் இந்த அண்ணன் தம்பியின் அப்பா சிங்காரவேலு வரப்பில் குடை பிடித்து நிற்பார். கூலிக்காரர் சங்கம் வந்து, வேலை மணிப்படிதான் என்று பேசி முடித்த வருஷம் அது. மணி அவருடைய கையில் இருந்தது. ஒருநாள் களை பறித்துக்கொண்டிருந்தபோது மருதையன் நிமிர்ந்து, "ரெண்டு மணி பாசஞ்சரு நாகூருக்கே போய்ச் சேந்துடுச்சு. எசமான் வாட்சுல இன்னும் கீழ்வேளூருக்கே வரல" என்றான். பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிங்காரவேலுவும் சிரித்தார். மூன்றாம் நாள் வாட்சைக் காணோம். யார்மேல் சந்தேகம் என்று கேட்டபோது அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"உள்மூடியைத் திறந்து பார்க்கலாமா சார்? எண் இருந்தாத்தான் இவர் விலை சொல்லுவார்" என்றார் லியாகத் அலி.

ஜெக்கரியா தலையசைத்தார். லியாகத் அலி சட்டைப்பையிலிருந்து மெல்லிய கத்தி ஒன்றை எடுத்தார்.

"நாலு ஒண்ணு ஏழு மூணு ஆறு" என்றாள் அம்சம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. லியாகத் அலி கத்தியை மூடியின் விளிம்பில் வைத்தபடி அவளைப் பார்த்தார். பிறகு நெம்பினார். டிக் என்று ஒரு சத்தம். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"நாலு, ஒண்ணு..." அவர் நிறுத்தினார். "ஏழு, மூணு, ஆறு. சரியாத்தான் சொல்றாங்க."

"இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெட்ராஸ்காரர்.

"அவ புருஷன் திருடினது சார், தெரியாம இருக்குமா?" என்றான் இராஜாங்கம் பின்வரிசையிலிருந்து. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் ஒருவன் கேட்டான்: "திருடினதுன்னா இது எப்படி இங்கே இருக்கு?"

இராஜாங்கம் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டான். அங்கே அந்தப் புண்ணின் வடு இன்னும் கறுத்துக் கிடந்தது.

தியாகராசன் தொண்டையைச் செருமினார். "அப்புறம் கிடைச்சது. வாய்க்கால்லேர்ந்து யாரோ எடுத்துக் கொடுத்தாங்க, எங்கப்பாகிட்ட. அதெல்லாம் பழைய கதை. நீங்க ஏலத்தைச் சொல்லுங்க சார்."

"வாய்க்கால்லேர்ந்தா?" லியாகத் அலி லென்ஸை எடுக்காமலே கேட்டார். "இருக்காதுங்களே. ஒரு ராத்திரி சேத்துல கிடந்திருந்தாக்கூட உள்ளே ஸ்பிரிங்கெல்லாம் துரு ஏறியிருக்கும். இது சுத்தமா இருக்கு. ஆனா..." ஊசி முனையால் மூடியின் கீலிலிருந்து எதையோ கிளறி எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்தார். "இது என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் கடைத்தெருக்காரன்."

அம்சம் குனிந்து பார்த்தாள். எல்லோருக்கும் தெரிந்த பொருள்தான். களத்தில் கழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டு அரிக்கும் நெல்லின் சுணை. கூடவே துளி உமித்தூள்.

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். மார்கழி மாதம், புது நெல்லுக்கு இடம் பண்ண, குறுவை நெல்லை ஒரு பத்தாயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். மருதையன் கூடை கூடையாகக் கொட்டினான். சிங்காரவேலு பத்தாயத்தின்மேல் குனிந்து, முழங்கை வரை கையை நெல்லுக்குள் விட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தபடி இருந்தார். அவருக்கு வாட்சு வார் எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும். அந்தப் பத்தாயத்தை ஆடியில்தான் காலி செய்தார்கள். மருதையன் ஜெயிலிலிருந்து வந்ததும் ஆடியில்தான்.

அவள் வாசல்படியைப் பார்த்தாள். சாவித்திரி இவளைப் பார்க்கவில்லை. தாளில் இருந்த அந்தத் தூசியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது என்றாலும்.

"ஏலத்தைச் சொல்லுங்க சார்" என்றார் தியாகராசன் மறுபடியும். பிறகு அவரே ஒரு தொகை சொன்னார்.

மெட்ராஸ்காரர் அதற்கு மேலே சொன்னார். ரெங்கசாமி வழக்கம்போல வாயைத் திறந்து, பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். தியாகராசன் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. வாட்சு ஊரை விட்டுப் போகாமல் தன் பெட்டிக்குள்ளேயே போய்விட வேண்டும் என்று அவர் நினைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. மெட்ராஸ்காரர் அவரைப் பார்க்காமல், பிறையைப் பார்த்துக்கொண்டே தன் தொகையைச் சொன்னார். அது அந்தப் பந்தலில் காலையிலிருந்து யாரும் சொல்லாத தொகை.

"ஒருதரம்" என்றார் ஜெக்கரியா. "ரெண்டுதரம்." தியாகராசனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மூணுதரம்."

கார் புறப்படுவதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. மதகுக் கட்டைக்குப் பக்கத்தில் அது குழியில் இறங்கி ஏறியது. மருதையன் எழுந்து ஒதுங்கி வழி விட்டான். அதற்குள் அது இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமோ என்னவோ. புழுதி அடங்குவதற்கு முன்னால் மறுபடியும் உட்கார்ந்துகொண்டான்.

லியாகத் அலி அதில் ஏறவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று நின்றுவிட்டார். "எண்ணை நான்தான் படிச்சேன் சார். சாட்சி வேணும்னா என் கையெழுத்தைப் போடறேன்" என்றார் ஜெக்கரியாவிடம். "சுணையையும் மடிச்சு வச்சிருக்கேன்."

ஜெக்கரியா பெஞ்சில் சாய்ந்தார். ஜாபிதாவில் இன்னும் இருபத்துமூன்று உருப்படிகள் பாக்கி இருந்தன. "எண்ணை எழுதலாம்" என்றார். "எங்கே கிடைச்சதுன்னு நான் எப்படி எழுதறது? சுணை வந்து சாட்சி சொல்லுமா?" பிறகு அம்சத்தின் முகத்தைப் பார்த்தார். பார்த்திருக்கக்கூடாது என்று அவருக்கே பட்டிருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வீட்டு மனுஷங்க யாராவது என் முன்னாடி வாயால சொல்லணும். சொன்னா, கோர்ட்டுக்குப் போற ரிப்போர்ட்டுல ரெண்டு வரி எழுதிடறேன். உனக்கும் ஒரு நகல் தர்றேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"பிள்ளைங்க சொல்ல மாட்டாங்க" என்றாள் அம்சம்.

"நான் பிள்ளைங்களைச் சொல்லல."

அவள் பந்தலைத் தாண்டி நடந்தாள். இருபது வருஷமாக அந்த முற்றத்தைக் கூட்டியிருக்கிறாள். சமையல்கட்டுப் படிக்கு நாலு அடி முன்னால் எப்போதும் நிற்கும் இடத்தில் இன்றும் நின்றாள். சாவித்திரி நகரவில்லை.

"அம்மா, நீங்க உள்ளே போங்க" என்றார் தியாகராசன் பந்தலிலிருந்து.

சாவித்திரி உள்ளே போகவில்லை. வெளியிலும் வரவில்லை. நிலையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் ஒருமுறை அசைந்து, மறுபடியும் பற்றிக்கொண்டன.

"நீ என்னைக் கேக்காதடி அம்சம்" என்றாள் மெல்ல. "அவரு போய்ச் சேந்துட்டாரு. அவரு பேருல இப்ப..." முடிக்கவில்லை. "உன் புருஷன் ஒத்துக்கிட்டான்னு சொன்னாங்க. ஒத்துக்கிட்டவனுக்கு நாங்க என்ன பண்றதுன்னு சொன்னாரு. ஆறு வருசமா அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பதினெட்டாவது உருப்படியை யாரும் கூப்பிடவில்லை. ரெங்கசாமி அண்ணனைப் பார்த்தார், அண்ணன் தரையைப் பார்த்தார். இராஜாங்கம் எழுந்து ஓரமாக வந்து நின்றான். அவன் முகத்தில் கேலி எதுவும் இல்லை.

அம்சத்துக்குத் திடீரென்று ரொம்ப அசதியாக இருந்தது, மருதையன் சொன்ன மாதிரியே. அழவும் தோன்றவில்லை, கத்தவும் தோன்றவில்லை. தலைக்குமேல் வெயில் நின்றது. ரொம்ப நாளாகச் சுமந்துவந்த ஒரு கூடையை இறக்க இடம் தேடுகிறவளைப் போல அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு சாவித்திரியைப் பார்த்தாள்.

"அம்மா, ஐயா மேல குத்தம்னு சொல்ல வேணாம். எங்களை அடிச்சாங்கன்னும் சொல்ல வேணாம். இவரு நல்லவருன்னுகூட நீங்க சொல்ல வேணாம்மா. அது பத்தாயத்துல கிடந்துச்சுன்னு ஒரு வார்த்தை மட்டும், அந்த வக்கீலய்யா காதுல விழற மாதிரி சொல்லுங்க. பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரும்மா."